கமுந்திங்கிலிருந்து ஒரு யாத்திரை

போர்ச்சுகல்லின் வடக்கே போன்தே தெ லிமா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்நாட்டின் மிகப் பழைய ஊர் என்று பெயர். ஊருக்கான பட்டயம் கிடைத்தது 1125இல். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு அவ்வழியே நடந்து போகும் யாத்ரீகர்கள் அதன் பழைய கல்பாலத்தைக் கடந்துதான் போவார்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே கிடைக்கும் மதுவுக்குப் பச்சை ஒயின் என்று பெயர். நிறத்தால் வந்த பெயரல்ல, முதிராத இளசு என்பதால் வந்தது. நம்ம தோட்டத்துக் கள்ளும் இளசாக இருந்தால்தானே இனிப்பு!

சரி, அவ்வளவு தூரம் ஏன்? மலேசியாவின் கமுந்திங் நிலையத்தில் கொமியூட்டர் ரயில் ஏறினால், நமக்கும் ஒரு யாத்திரைப் பாதை உண்டு. பாகான் செராய், பாரிட் புந்தார் என்று வயல்வெளியைப் பார்த்துக்கொண்டே போனால் புக்கிட் மெர்தாஜாம். அங்கே புனித அன்னம்மாள் ஆலயம். மலைச்சரிவில் இருக்கும் பழைய கோயில் 1888இல் கட்டியது. மலாயா அவசரகாலத்தில் அந்தப் பக்கமே யாரும் போக முடியாமல் காடு மண்டிக் கிடந்ததாம். இன்றைய பெரிய ஆலயம் 2002இல் எழுந்தது. 2019இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது.

ஜூலை 26 திருவிழா. மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி வரும் கூட்டத்தில் தமிழர், சீனர் என்ற பேதமில்லை. திருநீறு பூசிய நெற்றிகளும் தென்படும். அந்த நாளில் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது கடினம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.