விருந்துக்கு ஒரு நாள்

'விருந்து' என்றவுடன் நமக்கு வடையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழந்தமிழில் அச்சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதே. புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்குப் படைத்த உணவும் பின்னாளில் விருந்தாயிற்று. புலவர்கள் இதனை ஏடுகளில் தேடி அறிவர். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களோ நாவினாலேயே அறிந்திருக்கிறார்கள். ஆறு நாள் ஒரே கூடத்தில், யாரோ வகுத்த பட்டியற்படி உண்பவருக்கு, ஏழாம் நாள் பட்டணம் சென்று நண்பரோடு அமர்ந்து, 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்டு வாங்கி உண்பது உண்மையிலேயே புதுமைதான்.

இதனை வீண்செலவு என்று சொல்லும் பெரியவர்கள் பலர். "நாள் முழுதும் நின்றுகொண்டு வேலை செய்து ஈட்டிய பணத்தை ஒரு தோசைக்கும் ஒரு தட்டுப் பிரியாணிக்கும் கொடுத்துவிட்டு வருவதா? விடுதியிலேதான் சோறு போடுகிறார்களே!" என்பது அவர்கள் வாதம். சிக்கனம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு வரவு எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது.

ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. சுங்குவார்சத்திரத்தை அடுத்துக் கைபேசிகள் செய்யப்படுகின்றன. திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். பெண்களே நிறைந்திருக்கும் கூடங்களும் உண்டு. பள்ளியில் உடன் படித்த தோழி சென்னையில் ஒரு துணிக்கடையில் இருப்பாள்; ஐ.டி.ஐ.யில் உடன் பயின்றவன் அம்பத்தூரில் இருப்பான். ஓய்வு நாள் வந்ததும், ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவர் நெடுஞ்சாலை வழியே பூந்தமல்லிக்குப் பேருந்தேறுகிறார். ஒரகடத்தில் இருப்பவர் வண்டலூர் வழியாகத் தாம்பரம் சென்று மின்சார ரயிலைப் பிடிக்கிறார். ஷிப்டு முறையினால் எல்லாருக்கும் ஞாயிறே ஓய்வாக அமைவதில்லை. தோழிக்கும் தனக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பதே சில மாதங்களில் அரிதாகிவிடுகிறது.

அந்த ஓய்வு நாள்கூடத் தானாக வந்ததன்று. 1881-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளரைப் பற்றியே கவலை கொண்டது; வளர்ந்தவருக்கு வார விடுமுறை அதில் இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-இலேயே ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று கேட்டார். 1890-இல்தான் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். மறு ஆண்டு அது சட்டத்திலும் இடம் பெற்றது. இன்று பூந்தமல்லிப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு லோகண்டேயின் பெயர் தெரிந்திராது. அவர் கேட்டுப் பெற்ற நாளில்தான் அவள் பயணம் செய்கிறாள்.

'விடுதியிலேதான் சோறு போடுகிறார்களே' என்ற வாதத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களைப் பற்றிய செய்தி சரிவரத் தெரியாமல் தவித்த தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்துவிட்டார்கள். போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. அதன் பின் விடுதிகளைச் செப்பனிடும் முயற்சிகள் நடந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரிய குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எவ்வளவு நல்ல விடுதியானாலும், அங்கே என்ன உண்பது, எப்போது உண்பது என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். எவரோடு உண்பது என்பதைக்கூட ஷிப்டு மணியே தீர்மானிக்கிறது. நான் சொன்ன வரவு இதுதான்: வாரத்தில் ஒருவேளை இம்மூன்றையும் தானே தீர்மானிக்கும் உரிமை. அதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு தோசையின் விலையும் மிகையாகா.

யாரோடு உண்பது என்பது இந்தச் சாலைக்குப் புதிய வினாவன்று. ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்தவர் என்று போற்றப்படும் இராமானுசர், இளமையில் காஞ்சிபுரத்தில் குடியிருந்தார். அங்கே அவருக்கு நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். திருக்கச்சி நம்பி என்பது பெயர். அவர் பூந்தமல்லியைச் சேர்ந்தவர். அங்கிருந்து மலர் கொண்டுபோய்க் காஞ்சி வரதருக்குச் சாத்தியவர். இன்று பேருந்துகள் ஓடும் திசையில், அவர் பூக்கூடையோடு நடந்தார். பிராமணர் அல்லாத அவரைத் தம் இல்லத்தில் உண்ண வேண்டும் என்று இராமானுசர் அழைத்தார். அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்பது உள்ளே இருந்த விருப்பம். இலை போடும் நேரத்தில் நம்பியை அழைத்து வர ஒரு தெரு வழியே புறப்பட்டார். நம்பியோ வேறொரு தெரு வழியே வந்து, கோயில் பணிக்கு நேரமாயிற்று என்று விரைந்து உண்டு போய்விட்டார். இராமானுசர் திரும்பி வந்தபோது வீடு மெழுகப்பட்டிருந்தது. எஞ்சிய உணவு பிறருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மனைவியார் தலை முழுகிப் புதிதாகச் சமைத்திருந்தார். வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்த இரண்டு தெருக்களைப் பற்றித்தான் நான் எண்ணிக்கொள்வேன். ஒரே தெருவில் இருவரும் எதிர்ப்பட்டிருந்தால் அன்று அந்த உணவு நிகழ்ந்திருக்கும்!

இல்லங்கள் மூடியிருந்த காலத்தில் ஓட்டல்களும் முழுதும் திறந்திருக்கவில்லை. சென்னையில் சாதிப் பெயரைப் பலகையில் எழுதி வைத்த ஓட்டல்கள் இருந்தன. பிராமணர்க்கென இடம் பிரித்து வைத்தவையும் இருந்தன. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன்னே, அந்தப் பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் போராட்டம் நடத்தினார். அதற்கு முன்னரே, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடைகளோடும் கிணறுகளோடும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறித்தது: சாதி, மதம், பால் முதலியவற்றைக் காட்டி எவரையும் அங்கே தடுக்கலாகாது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலுக்கும் இடம் இருப்பதைக் கண்டு மாணவர்கள் வியக்கலாம். எழுதியவர்கள் நாட்டை அறிந்து எழுதினார்கள்.

அதே திருவல்லிக்கேணியில் இன்று நம் தொழிற்சாலை இளைஞர் நான்கு பேர் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ரத்னா கபேயில் இட்லி கேட்டால், தட்டிலே சாம்பாரை ஊற்றி இட்லியை மூழ்கடித்துவிடுவார்கள். தீர்ந்தால் மீண்டும் ஊற்றுவார்கள். அதை 1948-இல் தொடங்கியது வட இந்தியக் குடும்பம் ஒன்று என்றால் பீகார் நண்பனுக்குப் பெருமிதம். தமிழ் நண்பனுக்கோ நம்ப மனமில்லை. கையில் சற்றுக் காசு மிகுந்தால், 1951 முதல் மவுண்ட் ரோடில் நடந்து வரும் புகாரி ஓட்டலுக்குப் போகிறார்கள். சென்னையில் எதை உண்பது என்பதற்குப் பட்டியல் கொடுக்க நான் முற்படவில்லை. அவரவர் நண்பர்களே அதற்கு ஆசிரியர்கள். ஸ்ரீபெரும்புதூரிலேயே கொரிய எழுத்துப் பலகையோடு உணவு விடுதிகள் உள்ளன. கடல் கடந்து வந்த பொறியாளருக்கும் ஏழாம் நாள் தம் ஊர்ச் சுவை வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளின் ஆசையை மட்டும் ஊதாரித்தனம் என்பானேன்?

உணவு முடிந்ததும் ஒரு சிறு சச்சரவு எழும். பில்லை யார் எடுப்பது? பட்டணத்தில் இருப்பவள், "நீ என் ஊருக்கு வந்திருக்கிறாய்" என்பாள். வந்தவள், "எனக்குச் சம்பளம் வந்துவிட்டது" என்பாள். வீட்டுக்குப் பணம் அனுப்பியது போக மிஞ்சியதில்தான் இருவருமே வழக்காடுகிறார்கள். விடுதியில் சோறு வாங்க வரிசையில் நிற்பவள் இங்கே பிறரை உண்பிக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறாள். மேசையை விட்டு எழுமுன், அன்று வேலைக்குப் போன அறைத்தோழிக்காக ஒரு பொட்டலம் கட்டச் சொல்வாள். சட்னியைத் தனியாகக் கட்டுங்கள், பேருந்தில் கொட்டிவிடும் என்றும் மறவாமல் சொல்வாள்.