பாடசாலைச் சபைகளின் வளர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோணேசப் பெருமானின் திருவருளை வேண்டி, இன்று நாம் கல்வியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். கல்வியின் பெருமையைப் பேசுவது நமது நோக்கமன்று. அதனை நம்மினும் நன்றாகப் பேசவல்லார் பலர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நம் பிள்ளைகளின் கல்வியைப் பொறுப்பேற்று நடத்தும் சபைகளும் அலுவலகங்களும் முன்னேறுகின்றனவா, பின்தங்குகின்றனவா என்பதை நாம் எவ்வாறு அறிவது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் இங்கே நடப்பதை யாவரும் அறிவோம். ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள் பாடசாலை மதிலில் தொங்கும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்னும் ஐந்து கல்வி வலயங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்ற பேச்சுச் சந்தை வரை வந்துவிடும். சித்தி வீதம் இரண்டு புள்ளி ஏறினால் அதிபருக்கு மாலை. இரண்டு புள்ளி இறங்கினால் அதிபருக்கே வசை. பிள்ளைகளின் வெற்றியைக் கொண்டாடுவதில் பிழையில்லை. ஆயின், அந்த வீதம் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது என்று கேட்பார் மிகச் சிலரே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமப் பாடசாலையில் முதலாம் வகுப்பிலே 40 பிள்ளைகள் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்பு முடிவில் பரீட்சைக்குத் தோற்றியோர் 28 பேர்; சித்தியடைந்தோர் 21 பேர். சித்தி வீதம் 75 என்று அறிக்கையில் எழுதப்படும். நல்ல வீதந்தான். ஆனால் சேர்ந்த 40 பேரைக்கொண்டு வகுத்தால் வருவது 52.5 மாத்திரமே. நடுவில் மறைந்த 12 பேர் எங்கே? சிலர் வேறு பாடசாலைக்கு மாறியிருப்பர். ஒருவன் தகப்பனோடு வள்ளத்தில் போகிறான். ஒருவன் கடையிலே மூட்டை தூக்குகிறான். ஒரு சிறுமி, தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போய்விட்டபடியால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். இவர்களைத் தோல்வியுற்றோர் என்று எவரும் எழுதுவதில்லை. இவர்களைப் பற்றி எழுதுவதே இல்லை. இன்னும் கேளுங்கள். தேறமாட்டார் என்று கருதப்படும் 4 பேரைப் பரீட்சைக்கு வாராமல் தடுத்துவிட்டால், 24 பேரில் 21 பேர் சித்தி, வீதம் 87.5! ஒரு பிள்ளைதானும் ஓரெழுத்தேனும் கூடுதலாகக் கற்காமலே பாடசாலை பன்னிரண்டரைப் புள்ளி முன்னேறிவிடும்.

இது புதிய நோயன்று. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே றொபேட் லோ என்பவர், பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடை என்னும் முறையைக் கொண்டுவந்தார். பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய தொகைக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். விளைவு என்ன? ஆசிரியர்கள் வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளுக்கு மனனம் பண்ணுவித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பிழையின்றி ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அக்காலத்தில் வழங்கின. பாடசாலைப் பரிசோதகராகவும் கவிஞராகவும் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. இலங்கையிலும் அதே முறை, உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு, 1870ஐ அடுத்து நடைமுறைக்கு வந்ததென்பதை நம் பெரியோர் அறிவர். அளவுகோலைப் பணத்தோடு கட்டிவிட்டால் ஆசிரியன் அளவுகோலுக்கே கற்பிப்பான், பிள்ளைக்குக் கற்பிக்கமாட்டான்.

நமது சமயத்தார் பாடசாலைகளை நடத்திய காலத்தில் வேறோர் அளவு இருந்தது. 1923ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபோது, இந்துபோட் இராசரத்தினம் அவர்கள் முதலானோர் கேட்ட கேள்வி, எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்பதன்று. எந்தக் கிராமத்தில் சைவப் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை என்பதே. அதே 1923இல் நமது நகரில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக நிற்பது அதுவே. இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின், சுவாமி விபுலாநந்தர் அதன் வளர்ச்சிக்குப் பாடுபட்டார். இவர்கள் எல்லோரும் எண்ணியது, வெளியே நின்ற பிள்ளைகளை. அதனால் அக்காலம் பொற்காலம் என்று சொல்ல நாம் துணியோம். முகாமையாளரின் தயவை நம்பியே ஆசிரியர்கள் பிழைக்க வேண்டியிருந்ததும் உண்டு. சாதி பார்த்துப் பிள்ளைகளை வேறாக இருத்திய பாடசாலைகளும் உண்டு. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

1960ஆம் ஆண்டின் இறுதியிலும் 1961இலும் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் கையேற்றது. சபைகள் போயின. 1987இல் செய்யப்பட்ட பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி கல்வியின் பெரும்பகுதி மாகாண சபைகளிடம் சேர்ந்தது. கிழக்கு மாகாணக் கல்வி நிருவாகத்தின் தலைமைப்பீடம் நமது திருகோணமலையிலேயே இருக்கின்றது. கேள்வி கேட்க நாம் தொலைதூரம் பிரயாணம் பண்ண வேண்டியதில்லை. ஆனால் கேட்பது யாரிடம்? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. நிருவாகம் ஆளுநரின் கீழ் நடந்தது. மக்களுக்கு மறுமொழி சொல்லவேண்டிய அங்கத்தவர் இல்லாதவிடத்து, மேலதிகாரிக்கு அனுப்பும் புள்ளிவிபரமே கல்வியாகிவிடுகிறது.

அப்புள்ளிவிபரம் நமது மாவட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும்? சம்பூர்ப் பிள்ளைகளை நினையுங்கள். 2006ஆம் ஆண்டில் யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களிலே கிடந்தன. சொந்த ஊருக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல். அதாவது, 2006இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை ஊரை மீண்டும் காணும்போது சாதாரண தரப் பரீட்சையின் வாசலில் நின்றது. அப்பிள்ளையின் ‘எஸ்’ சித்தியையும் நகரத்துப் பிள்ளையின் ‘ஏ’ சித்தியையும் ஒரே தராசில் வைத்து, மூதூர் பின்தங்கிவிட்டது என்று எழுதுவது கணக்காகலாம், நீதியாகாது. தொடங்கிய இடம் எது, வந்துசேர்ந்த இடம் எது என்று பார்த்தால் மாத்திரமே எந்த ஆசிரியர் எவ்வளவு உழைத்தார் என்பது தெரியும்.

பாடசாலைக்குப் போகும் வழியும் கணக்கிற் சேரவேண்டும். 2021 நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாற்றாக ஓடிய மிதவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அவர்கள் வகுப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். கல்வி அபிவிருத்தி என்ற தலைப்பின் கீழ் அந்தப் படகு எந்த அறிக்கையில் இருந்தது? கட்டடங்களின் தொகை இருந்திருக்கும்; கணினிகளின் தொகை இருந்திருக்கும். பாலம் வீதித் திணைக்களத்தின் விடயம் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் குளமும் வாய்க்காலும் பெருகி வழி மறிபடும் ஊர்கள் நமக்குப் பல. மழைக்காலத்தில் எத்தனை நாள் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பது வரவு இடாப்பில் இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்ப்பார்தான் இல்லை.

ஆசிரியர் தொகையும் இவ்வாறே. மாவட்டத்தின் ஆசிரியர் அனைவரையும் பிள்ளைகளால் வகுத்தால் குறை தோன்றாது. ஆனால் நகரத்தில் ஒரு பாடத்துக்கு இருவர் இருக்க, வெருகல் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதத்துக்கு ஒருவரும் இல்லையென்றால், சராசரி யாருக்குப் பாடம் நடத்தும்? நமது துறைமுகத்தில் கப்பல் விடுவோர் சராசரி ஆழத்தை நம்பிக் கப்பல் விடுவதில்லை. ஆழங் குறைந்த இடம் எது என்றே கேட்பர்.

இனி, நம்மால் ஆகக்கூடியது. ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் பழைய மாணவரும் அதில் இருக்கின்றனர். நம்மிற் பலர் அங்கத்தவர்களே. கூட்டத்திற்குப் போனால் மதில் கட்டுவதையும் விளையாட்டுப் போட்டிச் செலவையும் பேசிவிட்டுத் தேநீரோடு திரும்புகின்றோம். அடுத்த கூட்டத்தில் ஒன்று கேட்போம்: பதினொரு ஆண்டுகளுக்கு முன் சேர்வு இடாப்பில் பதிந்த பெயர்கள் எத்தனை, அவற்றுள் விடுகைப் பத்திரம் பெற்று வேறிடம் போனவை எத்தனை, பத்திரமும் பெறாமல் காணாமற் போனவை எத்தனை? 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டின் விதி. ஆகவே இது அதிபரைக் குற்றஞ்சாட்டும் கேள்வியன்று. அவர் மேலிடத்தில் ஆசிரியரைக் கேட்பதற்கு நாம் கொடுக்கும் ஆயுதம்.

மன்றத்து இளைஞர்களுக்கு ஒரு தனி வேலை இருக்கின்றது. ஞாயிறுதோறும் நாம் நடத்தும் அறநெறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, தங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது என்பது அதிபருக்குத் தெரியுமுன்னே தெரியும். அவர்களிடம் மெதுவாக விசாரித்து, பிள்ளையின் பெயரை ஊரறியச் சொல்லாமல், வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடு பேசவேண்டும். கொப்பி இல்லையா, சப்பாத்து இல்லையா, பஸ்ஸுக்குக் காசு இல்லையா, அல்லது ஆசிரியரின் ஏச்சுக்குப் பயமா என்று அறியவேண்டும். கொப்பியும் சப்பாத்தும் மன்றத்தின் பணத்தில் முடியும். மற்றவை முடியாவிட்டால், கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்திலே கொடுத்து, பிரதியை நாம் வைத்துக்கொள்ளவேண்டும். இதற்கென ஒரு கொப்பியைச் செயலாளர் வரும் ஞாயிற்றுக்கிழமையே திறக்கலாம். அடுத்த ஆண்டு மலரில் நமது கணக்கறிக்கைக்குப் பக்கத்தில் அந்தத் தொகையும் அச்சாகவேண்டும்: நின்றவர் இத்தனை, திரும்பிச் சென்றவர் இத்தனை.