விலைப்பட்டியலும் கணிப்பொறி இணைப்பும்

ராஜ்கோட்டில் வார்ப்பிரும்புப் பொருள்கள் செய்யும் ஒரு பட்டறை, புனேயிலுள்ள இயந்திரத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அப்பட்டறையின் எழுத்தர் ஒரே விவரத்தைப் பலமுறை எழுத வேண்டியிருந்தது. முதலில் விலைப்பட்டியல், பிறகு விற்பனைப் பேரேடு, அடுத்து லாரிக்குரிய சீட்டு, மாத முடிவில் வரிக் கணக்கு. சரக்கைப் பெற்ற தொழிற்சாலையிலும் இன்னோர் எழுத்தர் அதே விவரங்களைக் கொள்முதல் ஏட்டில் பதிந்தார். கணிப்பொறி வந்த பின்னும் இவ்வேலை குறைந்துவிடவில்லை. ஒரு கணிப்பொறி அச்சிட்ட தாளைப் பார்த்து மற்றொரு கணிப்பொறியில் தட்டச்சு செய்யும் விந்தையே நெடுங்காலம் நடைபெற்றது. ஓர் இலக்கம் இடம் மாறினாலும் இரு ஏடுகளும் ஒத்துப்போகா. பட்டறைக்கு வரவேண்டிய பணம் நின்றுபோகும்.

இதற்குக் காரணம் கணிப்பொறியின் குறைபாடு அன்று. ஒவ்வொரு மென்பொருளும் தன் விவரங்களைத் தனக்கே உரிய முறையில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒன்றில் தேதியில் நாள் முன்னே வரும்; மற்றொன்றில் ஆண்டு முன்னே வரும். இவ்விரண்டையும் பேச வைக்கும் ஏற்பாடே ஏ.பி.ஐ. எனப்படுகிறது. தபால் நிலையத்தில் மணியார்டர் படிவம் நிரப்பியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அனுப்புபவரின் வீட்டுக் கணக்கை எழுத்தர் கேட்டதில்லை. படிவத்தின் கட்டங்கள் சரியாக நிரம்பியிருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது தருவார். ஏ.பி.ஐ.யும் அத்தகைய சன்னலே. எந்த விவரத்தை எந்த வடிவில் தரவேண்டும், என்ன பதில் கிடைக்கும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்களுக்கிடையிலான விற்பனைக்கு மின் விலைப்பட்டியல் பதிவு செய்ய வேண்டுமென்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் செயற்பட்டது. இவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாயாயிற்று. நடுத்தரப் பட்டறைகள் பலவும் இவ்வாறு இத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

விலைப்பட்டியலை அரசின் தளமே தயாரிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பட்டியல் பட்டறையின் சொந்த மென்பொருளில்தான் உருவாகிறது. நாடெங்கும் ஒன்றேயான படிவ அமைப்பில் அது பதிவுத் தளத்துக்குச் செல்கிறது. தளம் அதைச் சரிபார்த்து, 64 எழுத்துகள் கொண்ட பதிவெண்ணையும், மின் கையொப்பமிட்ட க்யூ.ஆர். குறியீட்டையும் திருப்பி அனுப்புகிறது. அதே விவரம் விற்பனைக்கான வரிக் கணக்கிலும் தானே சென்று அமர்கிறது. இ-வே பில் எடுக்கவும் அதுவே பயன்படுகிறது.

இனி, இணைப்பு நடுவே அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி வாயிலில் நிற்கிறது. பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது, பதில் வரவில்லை. பதிவு நடந்ததா, இல்லையா? எழுத்தர் மீண்டும் அனுப்பினால் இருமுறை பதிவாகிவிடுமா? இதற்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. விற்பவரின் வரிப் பதிவெண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கைக் கொண்டே அந்த 64 எழுத்து எண் கணக்கிடப்படுகிறது. ஆகவே அதே பட்டியல் மறுமுறை சென்றால் அதே எண்ணே வரும். தளம் அதை இரட்டைப் பதிவு என்று மறுத்துவிடும். முன்பு நடந்த பதிவின் விவரத்தைத் தளத்திடம் கேட்டுப் பெறவும் முடியும். ஆனால் இந்த மறுப்பைத் தோல்வி என்று தவறாகப் புரிந்துகொள்ளும் மென்பொருள் என்ன செய்யும்? பட்டியலுக்குப் புதிய எண் கொடுத்து அனுப்பிவிடும். ஒரே சரக்குக்கு இரு பட்டியல்கள் வரிக் கணக்கில் ஏறிவிடும். பதிவுத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே உண்டு. அதன்பின் வரவுக் குறிப்பு எழுதிச் சரிக்கட்ட வேண்டியதுதான். மென்பொருள் வாங்குவோர் அதன் திரை அழகைப் பார்ப்பதைவிட இந்த ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

பெரு நிறுவனங்களுக்கு இவற்றைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருக்கின்றனர். நடுத்தர நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. சுவிதா வழங்குநர்கள் என்ற இடைநிலை அமைப்புகளையோ கணக்கு மென்பொருள் நிறுவனங்களையோ நாடுகின்றன. இரண்டுக்கும் வசதியற்றவர்களுக்கு அரசு இலவசக் கருவி ஒன்றைத் தந்துள்ளது. அதில் விவரங்களை நிரப்பி, கோப்பாகத் தளத்தில் ஏற்றலாம். ஆனால் கிடைத்த பதிவெண்ணை மீண்டும் பேரேட்டில் கையால்தான் ஏற்ற வேண்டும். பழைய இரட்டை வேலை வேறு வாயில் வழியே திரும்பி வந்துவிடுகிறது.

அரசின் படிவம் ஒன்றே. வாங்குவோரின் படிவங்களோ பல. பத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு விற்கும் பட்டறை, பத்துத் தளங்களில் பத்து விதமாக அதே பட்டியலை நிரப்ப நேரலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களின் சரக்கை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். வாங்குபவரின் தளத்தில் பட்டியல் ஏறவில்லை என்ற காரணம் காட்டிக் காசு தாமதமாகுமானால், சட்டம் கொடுத்த நாள்களை மென்பொருள் தின்றுவிடுகிறது. விற்பவர், வாங்குபவர், பட்டியல் எண், தேதி, மொத்தத் தொகை யாவும் கையொப்பமிட்ட குறியீட்டிலேயே அடங்கியுள்ளன. அக்குறியீட்டைத் தங்கள் கொள்முதல் மென்பொருள் நேரே படித்து ஏற்கும்படி பெரிய ஆலைகள் செய்துகொள்வதில் தொழில்நுட்பத் தடை பெரிதாக ஏதுமில்லை. கொள்முதல் ஒப்பந்தம் எழுதும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்குமாறு சிறு தொழில் சங்கங்கள் வற்புறுத்தலாம். தனித்தனிப் பட்டறைக்கு இல்லாத பேரம் பேசும் வலிமை சங்கத்துக்கு உண்டு.