பிழையற்ற விளம்பரமும் பெயரிழக்கும் வெல்லமும்
(சிறு உற்பத்தியாளரின் விளம்பர முயற்சிகள் குறித்து ஆற்றப்பட்ட உரை)

மறையூரின் பெயரை வெளியுலகிற்குக் கொண்டு சென்ற பொருள்கள் இரண்டு. ஒன்று சந்தனம். வனத்துறை அதனை ஏலத்தில் விற்கிறது. வாங்குவோர் தாமே தேடி வருகின்றனர். ஒரு வரி விளம்பரமும் அதற்குத் தேவைப்படுவதில்லை. மற்றொன்று வெல்லம். அதன் நிலை அவ்வாறன்று. சந்தையில் பத்து வகை வெல்லங்களுக்கு நடுவே அது நிற்கிறது. தான் இன்னது என்று அறிவித்துக் கொண்டாலன்றி அதற்கு அடையாளமில்லை.

இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மறையூர் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்றான பாம்பாறு இவ்வழியே சென்று அமராவதியில் கலக்கிறது. மறையூர், காந்தளூர் முதலிய ஊர்கள் அடங்கிய அஞ்சுநாட்டுப் பகுதியில் கரும்பைப் பிழிந்து, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதமாக இறுகியதும் கையால் உருட்டுகின்றனர். ஆகவே ஓர் உருண்டை போல் மற்றோர் உருண்டை இராது. நிறமும் கடைகளில் காணும் பளிச்சிடும் மஞ்சளன்று, ஆழ்ந்த பழுப்பு.

இவ்வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குத் துணை நின்றது. வேறிடத்து வெல்லம் மறையூர் வெல்லம் என்ற பெயரில் விற்கப்பட்டு வந்ததே இம்முயற்சிக்கு முதன்மைக் காரணம். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பொய்யான குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் பெயரைக் காக்கிறது. வாங்குவோரைக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலையன்று. அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிவு செய்துகொள்வதும், பாக்கெட்டின் மீது லேபிள் ஒட்டுவதும், கடைக்காரருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அளிப்பதும் உற்பத்தியாளரின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன.

தயக்கத்தின் விலை

சிறு உற்பத்தியாளர் குழுக்கள் பலவற்றில் தயக்கம் தோன்றுவது இவ்விடத்தில்தான். கொப்பரையின் அருகே நின்று பாகின் பதத்தை ஒரு பார்வையில் தீர்மானிப்பவர், அதே வெல்லத்தைப் பற்றி நான்கு வரி எழுதும்போது நான்கு வாரம் தயங்குகிறார். படம் தெளிவாக இல்லை என்பது ஒரு காரணம். சொற்கள் நகரத்து நிறுவனத்தின் விளம்பரம் போல் ஒலிக்கவில்லை என்பது இன்னொன்று. தமிழில் எழுதுவதா, மலையாளத்தில் எழுதுவதா என்பது எல்லைப்புறத்திற்கே உரிய சிக்கல். இறுதியில், கற்றறிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று வரைவு பையிலேயே தங்கிவிடுகிறது. (ஒரு காற்புள்ளிக்காகக் கோப்பு மூன்று மேசைகளைச் சுற்றிவரும் அலுவலகங்களை அறிந்தோர், உழவரை இதற்காகக் கடிந்துகொள்ள இயலாது.)

இத்தயக்கத்திற்கு விலை உண்டு. வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது, மழைக்காலத்தில் இளகும். ஓணத்திற்கும் சபரிமலைப் பருவத்திற்கும் வெல்லத்தின் தேவை பெருகும். அந்நாட்கள் லேபிளுக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருக்க முடியாத வெல்லம் சாக்கில் கட்டி மொத்த வியாபாரியிடம் போய்ச் சேருகிறது. அங்கே அது பிற வெல்லத்தோடு கலந்து பெயரை இழக்கிறது. போலிச் சரக்கை விற்பவரோ, சொல்லழகு போதவில்லை என்று ஒரு நாளும் கடையைத் திறக்காமல் இருந்ததில்லை.

பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956ஆம் ஆண்டிலேயே இதனைப் பொதுவான முறையில் ஆராய்ந்தார். மனிதர் எல்லா வழிகளையும் எடைபோட்டு மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேடுவதற்கும் செலவு உண்டாதலால், போதுமான ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்துகின்றனர் என்பது அவர் கருத்து. 1978இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மறையூர் உழவர் உரத்திலும் நீரிலும் நாள்தோறும் பின்பற்றும் முறை இதுவே. எழுத்தில் மட்டும் அதனைக் கைவிடுகிறார்.

எங்கே பிழை கூடாது

எனினும், எப்படியேனும் எழுதிவிடலாம் என்பது இதன் பொருளன்று. லேபிளில் சரியாக இருந்தே தீரவேண்டிய பகுதி ஒன்று உண்டு. நிகர எடை, பொதியப்பட்ட தேதி, தொகுதி எண், உற்பத்தியாளரின் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண் ஆகியவற்றில் சிறு பிழையும் கூடாது. இவ்விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும். தமிழும் மலையாளமும் அவற்றோடு கூடுதலாக இடம்பெறலாம். ஆகவே எம்மொழி என்ற சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. மருத்துவக் குணம் பற்றிய கூற்றுகளில் மேலும் கவனம் வேண்டும். இரும்புச் சத்து மிகுந்தது என்று எழுதச் சோதனைச் சான்று தேவை. நீரிழிவு நோயாளருக்கு உகந்தது என்று எழுதவே கூடாது. தவறான விளம்பரத்திற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

வியப்பு என்னவெனில், பெரும்பாலும் மக்கள் அஞ்சுவது இப்பகுதியைப் பற்றியன்று. படம், நிறம், சொல்நயம் ஆகியவற்றையே எண்ணி அஞ்சுகின்றனர். இங்கேதான் போதுமானது போதும். 1960களில் மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்திற்குச் சிவப்பு முக்கோணம் சின்னமாக்கப்பட்டது. அம்முயற்சியில் தீப் தியாகி என்ற அதிகாரிக்கு முக்கியப் பங்கு உண்டு. தலைகீழான ஒரு முக்கோணம், ஒரே வண்ணம். எந்த ஊரிலும், எந்த மண்சுவரிலும், பயிற்சியில்லாத கையும் அதனை எழுத முடிந்தது. கோடு சற்றுக் கோணினாலும் பொருள் கோணவில்லை.

அமுல் வெண்ணெயின் விளம்பரப் பலகைகள் மற்றொரு பாடம். 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் நிறுவனம் அவற்றைத் தொடங்கியது. நாட்டு நடப்பை ஒட்டி அடிக்கடி மாறும் வாசகங்கள் அவை. ஒவ்வொன்றிற்கும் முன் ஒப்புதல் பெறவேண்டும் என்று விதித்தால் நடப்பு பழையதாகிவிடும் என்பதை வர்கீஸ் குரியன் உணர்ந்தார். தம் ஒப்புதலுக்குக் காத்திராமலே வெளியிட உரிமை அளித்தார். அவற்றில் எல்லாமே சிறந்தவையல்ல. ஒன்று சுவைக்காவிடில் அடுத்தது வந்துவிடும். அத்தொடர்ச்சியே அவற்றின் வலிமை.

அச்சகத்தில் தொடங்கும் அச்சம்

இதனை உழவரின் மனக்குறையாக மட்டும் கருதுவது தவறு. அச்சத்தின் ஒரு பகுதி அச்சகத்திலேயே பிறக்கிறது. வண்ணம் அச்சிட்ட பைகளுக்கு ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி உருளை செதுக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சிட்டாலன்றி அச்செலவு கட்டாது. ஒரு சொல் தவறினால் அத்தனை பைகளும் வீண். இந்நிலையில் எவரும் தயங்கவே செய்வர். அதற்கு மாறாக, எழுத்தில்லாத பையை வாங்கி, உள்ளூர் அச்சகத்தில் இருநூறு ஸ்டிக்கர் மட்டும் அடித்தால், பிழையின் விலை சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். திருத்தும் செலவு குறையக் குறையத் துணிவு பெருகும். உதவித் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகள் இதனைக் கருதவேண்டும். வண்ணப் பைக்கு ஒரே முறை பெருந்தொகை மானியம் அளிப்பதைவிட, ஸ்டிக்கரை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றி அடிக்கச் சிறுதொகை அளிப்பது கூடுதல் பயன் தரும்.

எதை எழுதுவது என்பதற்கும் விடை அருகிலேயே உள்ளது. மூணாறு சாலையில் வண்டியை நிறுத்தி வெல்லம் வாங்கும் வெளியூரார் இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்வி, "ஏன் இவ்வளவு கறுப்பு?" என்பதே. வெல்லம் மஞ்சளாக வெளுத்துத் தோன்றப் பல இடங்களில் ஹைட்ரோஸ் என்னும் வெளுப்பு இரசாயனம் சேர்க்கப்படுகிறது. குறையற்ற தோற்றத்தின் மீது வாங்குவோருக்குள்ள மோகமே இவ்வழக்கத்தை வளர்த்தது. ஆகவே, வெளுப்புப் பொருள் சேர்க்காத உற்பத்தியாளர் தம் துண்டுப் பிரசுரத்தில் எழுதவேண்டியது மூன்று வரியே: "இது மறையூரில் விளைந்த கரும்பின் வெல்லம். வெளுப்பதற்கு எதுவும் சேர்க்காததால் நிறம் கறுப்பு. கையால் உருட்டியதால் உருண்டைகள் சமமாக இரா."

இதில் அணியில்லை, எதுகையில்லை. கேட்கப்படும் கேள்விக்கு விடை உண்டு. இதனைப் படித்த பின்னும் வாங்குவோர் வேறொரு கேள்வி கேட்பாராயின், அதற்கான நான்காம் வரியை அடுத்த இருநூறு ஸ்டிக்கரில் சேர்த்துக் கொள்ளலாம்.