துன்ப வேளையில் தேவ சகாயம்

(வெள்ளிவிழா ஆயத்தத் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கு 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் இறைவனுக்கு நன்றி செலுத்தக் கூடியிருக்கின்றோம். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் எல்லா உள்ளங்களும் விழாக்கோலம் பூண்டிருக்கவில்லை என்பதை நான் அறிவேன். "சாமி, ஒன்பது நாளும் நவநாள் செய்தேன், வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன், என் வேண்டுதல் மட்டும் ஏன் கேட்கப்படவில்லை?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இன்று மாலை அவர்களோடுதான் பேச விரும்புகின்றேன்.

இக்கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை நமது கடற்கரையைத் தாக்கியது. வேளாங்கண்ணிப் பேராலயத்திற்குள் கடல்நீர் நுழையவில்லை என்று பலர் வியந்து பேசினார்கள். ஆனால் அதே ஊரின் கரையில், அன்னையைத் தேடி வந்த யாத்திரிகர் எத்தனையோ பேர் மாண்டார்கள். தப்பியவர்களுக்கு இறைவன் துணை நின்றார் என்றால், மாண்டவர்களை அவர் கைவிட்டுவிட்டாரா? இதற்கு விடை தேட, நம் மண்ணில் பிறந்த ஒரு புனிதரிடம் உங்களை அழைத்துச் செல்கின்றேன்.

நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அலுவலராக இருந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து அவர் மனம் சோர்ந்திருந்தபோது, ஆறுதல் சொன்னவர் டிலனாய் என்னும் படைத்தலைவர். அந்த டிலனாய் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சு வீரர். பிறந்த நாட்டைவிட்டு, அந்நிய மண்ணிலேயே வாழ்ந்து அங்கேயே மண்ணுக்குள் சென்றவர். துன்பம் அறிந்த அம்மனிதர், துன்புற்ற தம் நண்பருக்கு எடுத்துரைத்தது விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாறு. அதைக் கேட்ட நீலகண்டர், 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஏற்ற பெயர் லாசர். அதன் பொருள்தான் தேவசகாயம், அதாவது கடவுளின் உதவி.

அந்தப் பெயரைத் தாங்கியவருக்கு நேர்ந்தது என்ன? 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். சாட்டையால் அடித்தார்கள். புண்களில் மிளகாய்ப்பொடியைத் தேய்த்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர், செபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடிக்க, அங்கே நீர் சுரந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. கவனியுங்கள்: தாகத்திற்குத் தண்ணீர் கிடைத்தது, கைவிலங்கு மட்டும் கழலவில்லை. மூன்று ஆண்டுத் துன்பத்திற்குப் பின், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எஞ்சிய உடற்பகுதிகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 270 ஆண்டுகள் கழித்து, 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அப்படியானால், தேவசகாயம் என்ற பெயர் பொய்த்துவிட்டதா? இல்லை. அந்த வாழ்விலிருந்து மூன்று உண்மைகளைக் கற்றுக்கொள்வோம்.

முதலாவதாக, நம்பிக்கை என்பது வாய்மூடிக் கிடப்பதல்ல. யோபு தம் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தார். அவர் அழுதார், புலம்பினார், கடவுளோடு வழக்காடினார். ஆனால் கடவுளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரைப் பார்க்க வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் அவரருகே பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்! வாயைத் திறந்ததும், "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை" என்ற பொருள்படப் பேசத் தொடங்கினார்கள். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான். ஆகவே, துக்க வீட்டிற்குச் செல்லும்போது, "இது எந்தப் பாவத்திற்கோ" என்று தயவுசெய்து பேசாதீர்கள். அத்தகைய பேச்சு ஆறுதல் ஆகாது. அழுகின்ற தாயின் கண்ணீரும் ஒரு செபமே.

இரண்டாவதாக, இறைவனின் உதவி என்பது துன்பம் வராமல் தடுக்கும் தாயத்து அல்ல. பெத்தானியா ஊர் லாசரை நினைத்துப் பாருங்கள். சகோதரிகள் ஆள் அனுப்பினார்கள். இயேசு உடனே புறப்படவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது லாசர் கல்லறைக்குள் சென்று நான்கு நாள் ஆகியிருந்தது. சகோதரிகள் இருவரும் தங்கள் மனக்குறையை அவரிடமே சொன்னார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறை அருகே கண்ணீர் விட்டார். அதன் பிறகே லாசரை அழைத்தார். ஏன் தாமதித்தார் என்று நம் அறிவு கேட்கலாம். ஆனால் வந்தவர் நம்மோடு அழுதவர். பின்னர் தாமே சிலுவையில் தொங்கியவர். நம் துன்பத்தை வெளியில் நின்று பார்க்கும் கடவுள் அல்ல அவர். தேவசகாயத்தின் விலங்கைக் கழற்றாத இறைவன், அந்த விலங்கோடு அவர் நடந்த ஒவ்வோர் அடியிலும் உடன் நடந்தார். மூன்று ஆண்டுகளில் ஒரு முறை மறுதலித்திருந்தால் போதும், உயிர் தப்பியிருக்கலாம். மறுதலிக்காத அந்த உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? அதுவே தேவ சகாயம். கடற்கரையில் மாண்ட யாத்திரிகரும் அவர் கையினின்று நழுவிவிடவில்லை. சாவுக்கு அப்பாலும் நீளும் கரம் அது. உயிர்ப்பை விசுவசிக்கும் நாம் இதைவிடக் குறைவாக நம்பலாகாது.

மூன்றாவதாக, நம்பிக்கை என்பது கைகட்டி நிற்பதல்ல. நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள், செபமும் செய்யுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு எதிரி அல்ல. குறி கேட்பதற்கும் தகடு கட்டுவதற்கும் கடன் வாங்கிச் செலவழிக்காதீர்கள். மேலும், இறைவன் பல வேளைகளில் மனிதர் வழியாகவே உதவி அனுப்புகின்றார். நீலகண்டருக்கு ஒரு டிலனாய் கிடைத்தார். சிலுவை சுமந்த இயேசுவுக்கே ஒரு சீரேனே ஊர் சீமோன் தேவைப்பட்டார். நமது தெருவில் கணவனை இழந்த பெண்ணுக்கு, படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவருக்கு, வேலை இழந்த இளைஞனுக்கு யார் சீமோன்? வின்சென்ட் தே பால் சபையும் மரியாயின் சேனையும் மட்டும் செய்யும் வேலை இது என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய வாசற்படியில் தேவ சகாயம் வந்து நிற்கும்போது, அதன் முகம் உங்கள் முகமாக இருக்கட்டும்.

அன்பு மக்களே, இந்த 25 ஆண்டுகளில் இப்பீடத்தின் முன் திருமணங்களும் நடந்தன. இறுதிச் சடங்குகளும் நடந்தன. மகிழ்ந்து வந்தவர்களையும் நொந்து வந்தவர்களையும் ஒரே ஆண்டவர் ஒரே அப்பத்தால் ஊட்டினார். அதுவே நமது வெள்ளிவிழாவின் நன்றி.

புனித தேவசகாயம் நமக்காகப் பரிந்து பேசுவாராக. வியாகுல அன்னை நம்மைத் தம் போர்வையின் கீழ் காப்பாராக. கேட்ட வரம் கிடைத்தவர்களுக்குத் தாழ்ச்சியையும், கிடைக்காதவர்களுக்குத் தளராத நம்பிக்கையையும் இறைவன் அருள்வாராக. ஆமென்.