பாத்திரத்துக்கு ஆள் தெரிதல்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருகிற தைப்பூசத்தை ஒட்டி நம் சங்கத்தார் ஒரு குடும்ப நாடகத்தை மேடையேற்ற இருக்கிறார்கள். தகப்பன், தாய், இரண்டு ஆண்மக்கள், கலியாணத்துக்கு நிற்கும் ஒரு பெண், அயல்வீட்டு அம்மான் என ஆறே பாத்திரங்கள். பெண்ணின் சீதனத்துக்குக் காணியை எழுதுவதா, வெளிநாடு போகத் துடிக்கும் இளையவனுக்காக அதை விற்பதா என்பதே கதை. அந்த ஆறு பேரையும் தெரிந்தெடுக்கும் நாள் வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குமுன் இச்சபையில் சில வார்த்தை சொல்ல வேண்டுமென்று செயற்குழுவினராகிய நாம் விரும்பினோம்.

ஆள் தெரிவது சிறிய காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. மட்டக்களப்பு நாட்டுக் கூத்திலே ‘சட்டங் கொடுத்தல்’ என்று ஒரு சடங்கு உண்டு. ஊர்ப் பெரியோர் கூடியிருக்க, யார் எந்த வேடம் என்று தீர்மானித்து அவரவர்க்குரிய பகுதியைக் கையளிக்கும் நாள் அது. அண்ணாவியார் குரலைப் பார்ப்பார், தாளத்துக்குக் கால் வருகிறதா என்று பார்ப்பார், உடல்வாகையும் பார்ப்பார். ஊரறியக் கொடுக்கப்பட்டதால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. வாங்கியவனுக்கும் ஒரு பொறுப்பு இருந்தது.

இனி, நாம் செய்த ஒரு பிழையை மறைக்காமல் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு நாடகம் போட்டபோது ஆள் தெரிவு என்ற பேருக்கு ஒரு மாலைப்பொழுதில் கூடினோம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தகப்பன் பாத்திரம் யாருக்கென்று வருமுன்னரே நம் மனத்தில் முடிவாகிவிட்டது. சங்கத்துக்குத் தாராளமாக உதவி வந்த ஒருவருடைய மகனுக்கே அது என்று பேசிவைத்திருந்தோம். கடையொன்றில் வேலை செய்த ஒரு தம்பி, கடை பூட்டியதும் சைக்கிளில் ஓடிவந்து பின்வாங்கில் இருந்தார். நேரம் போய்விட்டது என்று சொல்லி அவரை வாசிக்கவிடாமலே கூட்டத்தை முடித்துக்கொண்டோம். நாடகம் நடந்தது; கைதட்டலும் கிடைத்தது. அந்தத் தம்பி அதன்பின் சங்கப் படி மிதிக்கவில்லை.

பல நாட் கழித்துத் தேர்த்திருவிழாவிலே அவரைக் கண்டு, ஏன் வருவதில்லை என்று கேட்டோம். “அண்ணை, வாசிக்கச் சொல்லிப்போட்டு நீ சரிவரமாட்டாய் எண்டு சொல்லியிருந்தால் எனக்கு மனவருத்தமில்லை. நீங்கள் கேக்காமலே விட்டிட்டீங்கள்” என்றார். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒரு வேடத்தை மாத்திரமா நாம் மறுத்தோம்? நல்ல இளைஞர் ஒருவரையே சங்கம் இழந்துவிட்டது.

ஆகையால் இம்முறை சில ஒழுங்குகளை வகுத்துள்ளோம். வந்தவர் அத்தனை பேரும் வாசிப்பர்; இரவு எத்தனை மணியானாலும் சரி, கடைசி ஆள் வாசிக்கும்வரை நாம் எழும்பமாட்டோம். வாசிக்க வேண்டிய பகுதி அரைமணி நேரத்துக்கு முன்னரே கையிற் கொடுக்கப்படும். ஒருவர் இருமுறை வாசிப்பார். முதன்முறை அவர் விருப்பப்படி. இரண்டாம் முறை, “இதே வசனத்தைக் கோபமில்லாமல், களைத்துப்போனவர்போலச் சொல்லும்” என்று நாம் கேட்போம். சொன்னதை ஏற்று மாற்றக்கூடியவரே ஒத்திகையில் வளரக்கூடியவர். முதல் வாசிப்பிலே முழங்கிவிட்டு, இரண்டாவதிலும் அதே முழக்கம் முழங்குபவரிடம் கற்பதற்கு இடம் குறைவு.

குடும்ப நாடகத்திலே தனித்து ஒருவரை அளப்பது போதாது. தாயையும் மகனையும் சேர்த்து நிறுத்தி வாசிக்கச் செய்ய வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காது கொடுக்கிறாரா, அல்லது தன் முறை எப்போது வருமென்று பார்த்திருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும்.

பேச்சைப்பற்றியும் ஒரு சொல். மேடை என்றதும் நம்மிற் பலருக்கு அரசர் தமிழ் வந்துவிடுகிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ஆம் ஆண்டிலேயே ‘நானாடகம்’ என்ற நூலில் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே நாடகங்களைத் தந்துவிட்டார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் ஊரிலே தனித்துப்போன பெற்றோரின் கதையை மேடைக்குக் கொண்டுவந்தது. அடுப்படியிலும் திண்ணையிலும் பேசும் பேச்சை அப்படியே பேசத் தெரிந்தவர் நமக்கு வேண்டும். உங்கள் ஆச்சி எப்படிப் பேசுவார் என்று கவனித்துக்கொண்டு வாருங்கள்; அதைவிடச் சிறந்த ஆயத்தம் இல்லை.

பெரியோர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கற்றவர் மேடையேறுவது இழுக்கென்று எண்ணிய ஒரு காலம் இருந்தது. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் பாடுபட்டு அந்த எண்ணத்தை மாற்றினார்கள். ஆயினும் பெண்பிள்ளைகளை அனுப்பச் சில வீடுகளில் இன்றும் தயக்கம் உண்டு. தாய் வேடத்துக்கும் மகள் வேடத்துக்கும் மீசையை மழித்த ஆண்களைத் தேட வேண்டிய நிலை இனி வேண்டாம். ஒத்திகை பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கிப் பொழுதுபடுமுன் முடியும். தாய்மார் வந்து உடனிருக்கலாம். மற்றது, உங்கள் பிள்ளைக்காகவோ மருமகனுக்காகவோ தயவுசெய்து எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். தெரிவு செய்யும் மூவரில் ஒருவர் சங்கத்துக்கு வெளியே உள்ளவராக இருப்பார். செயற்குழு உறுப்பினரின் பிள்ளை வாசிக்கும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விடுவார்.

இளைஞர்களே, ஆறு பேருக்குத்தான் வேடம். மற்றவர்களை நேரிற் கண்டு, காரணத்தையும் நாமே சொல்லுவோம். விளம்பரப் பலகையைப் பார்த்து அறிந்துகொள்ள விடமாட்டோம். காட்சி அமைக்க, ஒப்பனை செய்ய, விளக்குப் பார்க்க, திரைக்குப் பின் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஆட்கள் வேண்டும். வசனம் எடுத்துக்கொடுப்பவர் ஒரு வரி தவறவிட்டால் மேடையில் நிற்பவர் பாடு என்னவென்று ஒருமுறை நடித்தவர்க்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பியின் வீட்டுக்கு நாம் போன கிழமை சென்று, ஞாயிறன்று வரும்படி அழைத்தோம். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் அவரே முதலாவதாக வாசிப்பார். வேடம் கிடைக்குமா என்பதை வாசிப்பே தீர்மானிக்கட்டும். அவரைக் கேட்கும் கடமை நம்முடையது.