லாரிக்குள் ஒரு படுக்கை



சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்லும் சாலை, சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கின்ற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கொச்சி நோக்கிச் செல்வது 544ஆம் எண் சாலை. இச்சாலைகள் ஊடுருவிச் செல்லும் சமவெளி மழை குறைந்த நிலம். மேகத்தை நம்பி உழுத குடும்பங்கள் பல, காலப்போக்கில் சக்கரத்தை நம்பி வாழத் தலைப்பட்டன. இன்று சங்ககிரி லாரிகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்கும் நாடெங்கும் பெயர் பெற்று விளங்குகின்றன.

பாடி கட்டும் பட்டறையில் உருவாகும் பொருள்கள் பல. அவற்றுள் எளியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். அதுவே லாரி ஓட்டுநர் படுத்துறங்கும் பலகை.

தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது பல லாரிகளுக்கு முழு உருவம் இருப்பதில்லை. இரும்புச் சட்டம், இயந்திரம், சக்கரங்கள், ஸ்டியரிங் ஆகிய இவ்வளவே இருக்கும். இதனைச் சேசிஸ் என்பர். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் புழுதியும் நேரே தாக்க, ஒருவர் அதனை ஓட்டிவந்து பட்டறையில் சேர்ப்பார். தச்சர், பற்றவைப்பவர், தகடு அடிப்பவர், மெத்தை தைப்பவர், வண்ணம் பூசுபவர் எனப் பலருடைய கைபட்ட பிறகே அது லாரியாகிறது. தொழிற்சாலையிலேயே கேபின் முழுதும் அமைத்து அனுப்பும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. ஆயினும், ஓட்டுநரின் தேவையைக் கேட்டறிந்து உள்ளமைப்பைச் செய்து தரும் கைவினை இன்றும் வாழ்கிறது.

கேபினில் படுக்கைக்கு இடம் எங்கே? நம் நாட்டு விதிகளின்படி வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது. பக்கச் சுவர்களின் கனத்தைக் கழித்தாலும், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம் குறுக்குவாட்டில் கிடைத்துவிடுகிறது. ஆகவே, இருக்கைகளுக்குப் பின்னே, கதவுக்குக் கதவு செல்லுமாறு பலகை அமைக்கப்படுகிறது. பகலில் அது அமரும் ஆசனம், இரவில் படுக்கை. சில வண்டிகளில் அதற்கு மேலே, சங்கிலியால் தூக்கி மடக்கக்கூடிய இரண்டாவது பலகையும் உண்டு. அமெரிக்க நாட்டு விதி, லாரிப் படுக்கை குறைந்தது 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆறேகால் அடி நீளம், இரண்டடி அகலம். ஒரு மனிதன் உறங்குவதற்கு இதைவிடக் குறைந்த இடம் போதாது என்பதே இதன் கருத்து.

பலகைக்குப் பெரும்பாலும் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையைக் கொள்கிறார்கள். மரம் நாரின் குறுக்கே மிகுதியாகச் சுருங்கும், விரியும். நாரின் நெடுக்கே அவ்வாறு ஆவதில்லை. ஆதலின், மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று நார் மாறி மாறி வருமாறு ஒட்டிவிட்டால், ஓர் ஏட்டின் அசைவை மற்றோர் ஏடு தடுத்துவிடும். ஏடுகளின் எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில் இருப்பதால், நடு ஏட்டின் இருபுறமும் சமநிலை அமைகிறது. பலகை முறுக்கிக் கொள்வதில்லை. சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் அடுத்தடுத்துக் காணும் வண்டிக்கு இது இன்றியமையாத பண்பு. பசையும் நீரைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

இனி, படுக்கையின் அடியைப் பார்ப்போம். அங்கே இருப்பது ஒரு பெட்டி. ஜாக்கி, திருகுச் சாவிகள், கயிறு, மாற்றுத் துணி, அரிசி, பருப்பு, சிறு அடுப்பு என ஒரு குடித்தனமே அதற்குள் அடங்கும். பெட்டி வேறு, படுக்கை வேறு என நாம் எண்ணலாம். தச்சர் அவ்வாறு எண்ணுவதில்லை. பெட்டியின் நடுவே அவர் நிறுத்தும் தடுப்புப் பலகை, பொருள்களைப் பிரிப்பதோடு படுக்கையையும் தாங்குகிறது. தாங்கல்களுக்கு இடையேயுள்ள தூரம் பாதியானால், அதே பாரம் நடுவில் அழுத்தும்போது பலகை தொய்வது எட்டில் ஒரு பங்காகக் குறையும். பலகையின் கனத்தை இருமடங்காக்கினாலும் இதே பயன் கிட்டும். ஆனால் பலகையின் எடையும் இருமடங்காகிவிடும். இயற்பியல் வகுப்பில் நீங்கள் கற்கும் கணக்கு இது. மூலைமட்டமும் இழைப்புளியும் ஏந்திய கைகள் அதனை அனுபவத்தால் அறிந்திருக்கின்றன.

நியூட்டனின் முதல் விதியும் இங்கே வேலை செய்கிறது. ஓட்டுநர் திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும். கட்டப்படாத ஜாக்கி நிற்காது, முன்னோக்கிப் பாயும். ஆகையால் கனமான பொருள்களைத் தரையோடு வைத்துக் கட்ட வேண்டும். மூடிக்குக் கீலும் உறுதியான கொண்டியும் வேண்டும். படுக்கையின் முன்விளிம்பில், படுத்திருப்பவர் உருண்டு விழாதபடி ஒரு தடுப்புச் சட்டமும் தேவை. தீயணைப்புக் கருவியும் முதலுதவிப் பெட்டியும் மட்டும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கலாகாது. மெத்தையின் அடியில் வியர்வை தங்காதபடி பலகையில் சில துளைகள் இடுவதும் நன்று.

ஒரு பலகைக்கு இத்தனை கவனம் ஏன்? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் குருதியில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்துள்ள எல்லையோ 30 மில்லிகிராம்தான். நள்ளிரவு கடந்து விடியும் வரையுள்ள நேரத்தில் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, ஓட்டுநர் மூன்று நொடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டரில் ஒரு மிதிவண்டி செல்லலாம். சாலையைக் கடக்கும் ஒரு குடும்பம் இருக்கலாம். ஓட்டுநரின் உயிரும் இருக்கிறது. தேநீரும் பாட்டும் உறக்கத்தைச் சற்றே ஒத்திப்போடுமே அன்றி, உறக்கத்துக்கு ஈடாகா.

வெப்பமும் உறக்கத்துக்குப் பகை. இயந்திரத்தின் அருகே உள்ள கேபின், கோடையில் உலைபோல் கொதிக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. நல்ல காற்றும் நல்ல பலகையும் ஓட்டுநருக்குச் செய்யும் சலுகைகள் அல்ல. சாலையில் செல்லும் அனைவருக்கும் செய்யும் காவல் என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது.

எனினும், பலகை மட்டும் உறக்கம் தந்துவிடாது. இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியில், ஓடிக்கொண்டிருக்கும்போது கிடைக்கும் உறக்கம் ஆழ்ந்ததாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டுநர் தம் அன்றாட ஓய்வை வண்டியின் படுக்கையில் கொள்ளலாம். ஆனால் வண்டி நின்றிருக்க வேண்டும். நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்று பொதுவாக வகுத்தது. சரக்கு விரைந்து சேர வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் பறிபோவது அந்த மணிகளே. அவசரப்படுத்துவோர் லாரி உரிமையாளரும் வணிகரும் மட்டும் அல்லர். பொருள் இன்றே வேண்டும் என்று கேட்கும் நாமும் அவர்களுள் அடங்குவோம்.

நாமக்கல்லின் முட்டையும் சேலத்தின் இரும்பும் சவ்வரிசியும் தொலைவூர்களைச் சென்றடைவது இத்தகைய ஓட்டுநர்களின் உழைப்பால்தான். சாலையோரப் புளியமரத்தின் அடியில் ஒரு லாரி நின்றிருக்க, கேபின் கதவுக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தால், அவர் வேலை செய்யாமல் படுத்திருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தம் பணியின் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருக்கிறார். உங்களுள் சிலர் நாளை பொறியாளராகி வண்டிகளை வரையலாம். சிலர் தொழில் நடத்திச் சரக்கு அனுப்பலாம். வரைபவர் அந்தப் பலகைக்கு உரிய இடத்தை ஒதுக்குங்கள். அனுப்புபவர் அதில் படுப்பதற்கு உரிய நேரத்தை ஒதுக்குங்கள்.